யாக்கைக்கு ஒரு யாக்க: வாசகர் கேள்வி-பதில்

நோர்வீஜிய மொழியில் ஜக்கெற்றை 'யாக்க' என்பார்கள். வேட்டைக்கு 'யாக்ட்'. தமிழில் யாக்கை என்றால் உடம்பு. இந்த மூன்றையும் வைத்து நான் பகிடி விடத் தொடங்கி இருபது வருடமாகிறது. எங்கள் வேட்டைக் குழுவில் அதற்குச் சிரிக்க ஒரு தமிழன்கூட இல்லாததால் இங்கே எழுதுகிறேன். இங்கே நோர்வேயில் செம்மான் வேட்டைக் காலம் செப்ரெம்பர் 1 முதல் டிசெம்பர் 23 வரை. அதனால்தானோ என்னவோ, இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மழையும் உடுப்பும் பற்றியவை. மற்றவற்றை அடுத்த மாதம் பார்ப்போம்.

அண்ணா, நான் பேர்கனில் தாதியாக வேலை செய்கிறேன். இந்த வருடம் வேட்டைத் தேர்வில் சித்தியடைந்தேன், சுடும் சோதனையும் முடிந்தது. என்னுடன் வேலை செய்யும் ஒருவர், சுன்ஃபியோர்ட்டில் தன் தகப்பனாரின் காணிக்கு ஒக்ரோபர் கடைசியில் மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு கடையில் உள்ளே பஞ்சு வைத்த ஜக்கெற்றை 7,000 குரோனருக்குக் காட்டி, இது ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்கிறார்கள். இன்னொரு கடையில் மலை நடைக்கான மெல்லியது ஒன்று 2,500. வீட்டில் ஒரு தடித்த மழைக்கோட்டும் இருக்கிறது. எதை எடுக்க?
— ஒரு வாசகி, பேர்கன்

தங்கச்சி, மூன்றும் வேண்டாம். வீட்டிலிருக்கும் மழைக்கோட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தப் பிழையை நானே செய்தவன்.

என் முதல் வேட்டை 2003 ஒக்ரோபரில். அதற்கு முன் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் நின்றிருக்கிறேன். அங்கே காலையில் போட்டால் மாலையில்தான் கழற்றும் பிவிசி கோட்டு ஒன்று தருவார்கள். குழாயைத் திறந்து நேரே அடித்தாலும் ஒரு சொட்டு உள்ளே வராது. மழை உடுப்பைப் பற்றி எனக்கு யார் என்ன சொல்லித்தருவது என்ற நினைப்பில் அதையே போட்டுக்கொண்டு போனேன். அன்று நாலு பாகை, நல்ல மழை. முதுகில் பையும் துவக்குமாக நானூறு மீற்றர் உயரம் ஏறி, ஸ்புரூஸ் மரத்தின் அடியில் எனக்கென்று காட்டிய இடத்தில் குந்தினேன். முதல் இருபது நிமிடம் சுகம். பிறகு முதுகில் ஏதோ குளிர்ந்தது. ஒரு மணித்தியாலத்தில் பல் அடிக்கத் தொடங்கியது. மூன்றாவது மணித்தியாலத்தில் எழுபது மீற்றரில் ஒரு பெட்டை மானும் குட்டியும் வந்து நின்றன. துவக்கின் கண்ணாடியில் பார்த்தால் குறுக்குக் கோடு மானின் காதிலிருந்து வால் வரை ஆடிக்கொண்டிருந்தது. சுடவில்லை. சுட்டிருக்கவும் கூடாது.

எங்கள் குழுத் தலைவர் செம்மறி வளர்க்கும் விவசாயி, அதிகம் கதைக்காதவர். ஏறி வந்து என் கோட்டைத் திறந்து பார்த்தார். புட்டுப்பானை மூடியைத் திறந்ததுபோல் ஆவி வந்தது. உள்ளே பெனியன் முதல் கால்சட்டைப் பட்டி வரை ஈரம். "மழை எந்தப் பக்கத்தால் வந்தது?" என்று கேட்டார். மழை ஒரு துளியும் வரவில்லை. அவ்வளவும் என் வேர்வை.

இந்த ஒரு விசயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் கடையில் தானாக விளங்கும். மலையேறுகிறவன் ஏறிக்கொண்டே இருப்பான், சூடும் இருக்கும். மீன்காரன் நனைந்தாலும் இரவு வீட்டுக்கு வந்துவிடுவான். நாங்கள் முதலில் வேர்த்து ஏறி, பிறகு அசையாமல் இருக்கிறோம். அசையாத காற்றைவிட ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு வேகமாகத் தண்ணீர் உடற்சூட்டை இழுத்துவிடும். அது வானத்திலிருந்து வந்ததா அக்குளிலிருந்து வந்ததா என்று உடம்பு விசாரிப்பதில்லை.

அதற்காகத்தான் சவ்வு வைத்த துணி. கோர்-ரெக்ஸ் என்ற பெயரை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். 1969இல் அமெரிக்காவில் பொப் கோர் என்பவர், ஒட்டாத சட்டிக்குப் பூசும் ரெஃப்லோன் வகைப் பொருளைச் சூடாக்கி மெல்ல மெல்ல இழுத்துப் பார்த்து அலுத்துப்போய், ஒருநாள் வெடுக்கென்று இழுத்தார். அறுந்துபோகாமல் பல மடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த சவ்வாக வந்தது. நீர்த்துளி நுழைய முடியாத அளவு சின்னத் துளை, நீராவி போகக்கூடிய அளவு பெரிய துளை. இன்று வேறு கம்பனிகளும் வேறு பொருட்களில் இதே வேலையைச் செய்கின்றன. பெயருக்காகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அது எத்தனை அடுக்கு என்று கேட்டே ஆக வேண்டும். வெளித்துணி, சவ்வு, உள்துணி மூன்றையும் ஒன்றாக ஒட்டியது மூன்றடுக்கு. கடையில் நீங்கள் பார்த்த 2,500 குரோனர்க்காரர் பெரும்பாலும் இரண்டரை அடுக்கு. உள்துணிக்குப் பதிலாகச் சவ்வின்மேல் ஒரு பூச்சு மட்டும்தான் இருக்கும். கோடையில் பையின் அடியில் மடித்து வைக்க நல்ல சாமான். துவக்கின் தோள்வார் ஒரே இடத்தில் உரசி உரசி இரண்டு பருவத்தில் அதைத் தின்றுவிடும். இங்கத்தைய காட்டில் யூனிப்பர் பற்றையும் காய்ந்த ஸ்புரூஸ் கிளையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஜக்கெற்றில் தொங்கும் விலைத் துண்டில் 10,000, 20,000 என்று மில்லிமீற்றர் கணக்குப் போட்டிருப்பார்கள். துணியின்மேல் ஒரு குழாயை நிமிர்த்தி வைத்து, எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பினால் கசியத் தொடங்கும் என்பதுதான் அந்த எண். 10,000 என்றால் பத்து மீற்றர் உயரத் தண்ணீர். மழைத்துளி தரும் அழுத்தம் அதற்குக் கிட்டவும் வராது. ஆனால் பாசியில் முழந்தாளிடும்போதும், ஈரக் கட்டையில் இருக்கும்போதும், பைப்பட்டி தோளை அமத்தும்போதும் அழுத்தம் பல மடங்கு ஏறும். அதனால் 20,000 கேளுங்கள். 30,000 என்று பெருமைப்படுபவரிடம் தலையாட்டிவிட்டு வாருங்கள்.

எந்தச் சவ்வும் மலையேறும் உடம்பின் வேர்வை முழுவதையும் வெளியே விடாது. விளம்பரத்தில் என்ன சொன்னாலும் விடாது. ஆகவே அக்குளின் கீழ் நீளமான சிப் வேண்டும். கையுறை போட்ட கையால் இழுக்கக்கூடிய வால் அதற்கு வேண்டும். ஏறும்போது தூறல்தான் என்றால் ஜக்கெற் பைக்குள் இருக்கட்டும், நனைந்தாலும் சூடு தரும் கம்பளிச் சட்டையோடு ஏறுங்கள். மேலே போனதும் ஈரமான உள்பெனியனைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, அதன்மேல் பஞ்சு ஜக்கெற், அதன்மேல் மழை ஜக்கெற். அரை நிமிடம் நடுங்கும். அதற்குப் பிறகு மூன்று மணித்தியாலம் இருக்கலாம். இப்போது விளங்கும், 7,000 குரோனர்க்காரரை ஏன் வேண்டாம் என்றேன் என்று. பஞ்சை உள்ளே வைத்தே தைத்தால் ஏறும்போது கழற்ற முடியாது, ஈரமானால் இலேசில் காயாது, ஒன்று பழுதானால் இரண்டும் போச்சு.

அடுத்தது சத்தம். எல்லாவற்றிலும் இதற்குத்தான் நான் கூட நேரம் செலவழிப்பேன். மலையேறுகிறவர்களின் நல்ல ஜக்கெற்றெல்லாம் சிப்ஸ் பைக்கற்றுப்போல் கதைக்கும். மானுக்கு அது போதும், போய்விடும். கடையில் ஒரு மூலைக்குப் போய் கையை மடித்து, முழங்கைத் துணியைக் காதுக்குக் கிட்ட உரசிப் பாருங்கள். நகத்தால் கீறிப் பாருங்கள். அது மட்டும் போதாது, கடைக்குள் இருபது பாகை. குளிரில் துணி விறைத்துச் சத்தம் கூடும். நான் ஒருமுறை வாங்கிய ஜக்கெற்றை, துண்டைக் கழற்றாமல், ஒரு இரவு வீட்டுக் குளிர்பெட்டியில் மீனுக்கு மேலே வைத்துப் பார்த்தேன். காலையில் அதை எடுத்து உரசிக்கொண்டு நின்ற என்னை மனைவி கண்ட முகத்தை எழுதமுடியாது. ஜக்கெற்றைத் திருப்பிக் கொடுத்தேன்.

சத்தமில்லாதது மேல்துணியில் மெல்லிய மயிர் எழுப்பியது. தொட்டால் வெல்வெற்றின் தம்பிபோல இருக்கும். வேட்டை ஜக்கெற் என்று விற்பவற்றில் பெரும்பாலும் இதுதான். இதற்கும் ஒரு விலை உண்டு. சத்தம் போடாத துணி தண்ணீர் குடிக்கும், தண்ணீர் குடிக்காத துணி சத்தம் போடும். சவ்வு உள்ளே காத்துக்கொண்டாலும் வெளித்துணி நனைந்து பாரமாகும், இரவில் அடுப்பு இல்லாத குடிலில் காயாது. இரண்டு நாள் தொடர்ந்து வேட்டை என்றால் அது தொல்லைதான். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் காலையில் போய் மாலையில் வீடு வருகிறோம், ஆகவே நான் சத்தமில்லாததை எடுக்கிறேன். வெல்குறோவைக் கையடியில் தவிர கண்டவிடமெல்லாம் வைத்த ஜக்கெற்றைத் தொடவேண்டாம். அமைதியான காட்டில் அது சீலை கிழிப்பதுபோல் கேட்கும்.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். துவக்கை எடுக்கும் பாவனையில் இரண்டு கையையும் உயர்த்துங்கள். கைநுனி மணிக்கட்டுக்கு மேலே ஏறக்கூடாது, கீழ் ஓரம் இடுப்புக்கு மேலே வரக்கூடாது. தொலைநோக்கியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மழை விரலால் வழிந்து முழங்கை வரை போகும், அதனால் கைநுனியை இறுக்க வழி வேண்டும். துவக்கின் அடிக்கட்டை பதியும் தோளில் சிப்போ தடித்த தையலோ இருக்கக்கூடாது. தலைமூடி நீங்கள் தலையைத் திருப்பும் பக்கம் கூடவே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் இடப்பக்கம் பார்க்கும்போது உங்களுக்குத் தெரிவது துணி மட்டுமே. நான் மழை கொட்டினாலொழியத் தலைமூடியைப் போடுவதில்லை, காது அடைத்துவிடும். விளிம்பு வைத்த தொப்பிதான். பொக்கற்றுகள் பையின் இடுப்புப் பட்டிக்கு மேலே இருக்க வேண்டும். சிப் இரு பக்கமும் திறக்கக்கூடியது நல்லது, இருக்கும்போது கீழால் கொஞ்சம் திறந்துவிடலாம்.

அளவு: உள்ளே பஞ்சு ஜக்கெற் போட்டுக்கொண்டு போய் அளந்து பாருங்கள். நான் ஐந்தடி நாலு அங்குலம். இந்த நாட்டு ஆண்களுக்குத் தைத்த கைகள் எனக்கு விரலையும் தாண்டித் தொங்கும், ஒருமுறை பையன்கள் பகுதியில் போய் வாங்கியிருக்கிறேன். உங்களுக்கு அந்த அவமானம் வேண்டாம், பெண்களுக்கென்றே வெட்டிய வேட்டை ஜக்கெற்றுகள் இப்போது தாராளமாக இருக்கின்றன.

இனிக் காசு. உங்களிடம் 7,000 இருந்தால் முதலில் இரண்டு சோடி கம்பளி உள்ளுடுப்பு, பிறகு நல்ல றப்பர் சப்பாத்து, பிறகு மழைக் காற்சட்டை. மழையில் முதலில் நனைவது தொடைதான், இடுப்பளவு நிற்கும் பன்னமும் புல்லும் மழை விட்ட பிறகும் நனைக்கும். மிச்சக் காசுக்குத்தான் ஜக்கெற். இந்த ஒக்ரோபருக்கு அந்தத் தகப்பனாரிடமே ஒன்று இரவல் கேளுங்கள். காணி வைத்திருக்கும் விவசாயி வீட்டு வாசலில் நாலு தொங்கும். டிசெம்பர் 23 கழிந்து கடைகள் விலை குறைக்கும்போது, எது பிடித்தது எது பிடிக்கவில்லை என்ற அனுபவத்தோடு போய், பஞ்சில்லாத, மூன்றடுக்கு, மேல்துணி மெத்தென்றது ஒன்றை 4,000க்குள் பிடிக்கலாம்.

உள்பெனியனில் ஒன்று வலைப்பின்னலாக இருக்கட்டும். பார்க்கச் சிரிப்பு வரும். 1933இல் ஹென்ரிக் புறூன் என்ற நோர்வீஜிய இராணுவ அதிகாரி மீன்வலையை வெட்டித் தைத்துப் பார்த்தாராம், கண்ணிகளுக்குள் காற்று நிற்க, வேர்வை தோலில் ஒட்டாமல் மேல் துணிக்குப் போக. நோர்வே என்ற சொல்லையே நான் சின்ன வயதில், நோர்வேக்காரர் உதவியோடு வந்த காரைநகர் சீநோர் (சிலோன்-நோர்வே) படகுத்துறையால்தான் அறிந்தேன். கடைசியில் இவர்களுடைய வலையை நானே போட்டுக்கொண்டு திரிகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் நல்ல விலை கொடுத்து வாங்கிய ஜக்கெற் இப்போது தோளிலும் முன்கையிலும் நனைகிறது. முன்பு தாமரை இலைபோல் தண்ணீர் உருண்டு ஓடியது. தோய்த்தால் சவ்வு பழுதாகும் என்று பயந்து ஒருநாளும் தோய்க்கவில்லை. எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதா?
— ஒரு வாசகர், ஓலசுண்ட்

எறியாதீர்கள். தோய்க்காததுதான் வியாதி.

தண்ணீர் உருண்டு ஓடியது சவ்வினால் அல்ல. வெளித்துணியில் நீரை விலக்கும் ஒரு பூச்சு இருக்கிறது. வேர்வை, தோல் எண்ணெய், துவக்கு எண்ணெய், புகை, நாய் எல்லாம் சேர்ந்து அதை மூடிவிடும். அப்போது வெளித்துணி தண்ணீரைக் குடித்து உடம்பில் ஒட்டும். சவ்வு இன்னமும் காத்துக்கொண்டுதான் இருக்கும், ஆனால் வெளியே ஈரப் போர்வை கிடப்பதால் உள் ஆவி போக வழியில்லை. உள்ளே வேர்வை படியும். நீங்கள் அதைத் தொட்டுப் பார்த்துக் கசிவு என்கிறீர்கள்.

செய்ய வேண்டியது இது. எல்லாச் சிப்பையும் பூட்டுங்கள். உள்துண்டில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் நாற்பது பாகையில், இதற்கென்று விற்கும் திரவ சவர்க்காரம் அல்லது வாசனையற்ற திரவ சவர்க்காரம் கொஞ்சம் விட்டுத் தோயுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் விடவே கூடாது, அது பூச்சைக் கொன்றுவிடும். இரண்டு தரம் அலசுங்கள். காய்ந்த பிறகு உலர்த்தும் இயந்திரத்தில் இருபது நிமிடம் மிதமான சூட்டில் விடுங்கள். இந்தச் சூடுதான் படுத்த பூச்சை மறுபடி எழுப்பும். இயந்திரம் இல்லாதவர் மேலே ஒரு துவாயை விரித்து இளஞ்சூட்டில் ஸ்திரிக்கை பிடிக்கலாம். பிறகு குழாயடியில் தோளைப் பிடித்துப் பாருங்கள். உருண்டால் வேலை முடிந்தது. உருளாவிட்டால் கடையில் விற்கும் பூச்சுத் திரவத்தைத் தெளித்து மறுபடி சூடு காட்டுங்கள். ஒரு போத்தல் புதிய ஜக்கெற்றின் விலையில் இருபதில் ஒரு பங்குகூட வராது.

எப்போது எறியலாம்? உள்பக்கம் திருப்பித் தையல்களின்மேல் ஒட்டிய நாடாவைப் பாருங்கள். ஓரிடத்தில் உரிந்திருந்தால் ஒட்டலாம். எல்லா இடமும் செதில் செதிலாக உரிந்து, துணிக்கும் சவ்வுக்கும் இடையே கொப்புளம் போட்டிருந்தால் அது போய்ச் சேர்ந்துவிட்டது. தோட்டத்தில் விறகு வெட்டப் போடுங்கள்.

புதிது வாங்குகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பூச்சுகள் ஃபுளோரின் சேர்ந்தவை. மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் கிடக்கும் 'பிஃபாஸ்' பொருட்கள் என்று செய்திகளில் அடிபடுவது அதுதான். அவற்றில் ஒரு வகையை நோர்வே 2014லேயே வீட்டுப் பாவனைப் பொருட்களில் தடைசெய்தது. இப்போது பெரும்பாலான கம்பனிகள் ஃபுளோரின் இல்லாத பூச்சுக்கு மாறுகின்றன, கோர் கம்பனியே 2022 முதல் வேறு பொருளில் ஒரு சவ்வைக் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் புதிய பூச்சு தண்ணீரைத்தான் தள்ளும், எண்ணெயைத் தள்ளாது. துவக்கு எண்ணெயும் மான் கொழுப்பும் பட்டால் பழையதைவிடக் கெதியாக அழுக்கேறும். அதனால் உங்கள் அடுத்த ஜக்கெற்றை இதைவிட அடிக்கடி தோய்க்க வேண்டிவரும். இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

லண்டனில் இருக்கிறேன். ஸ்கொட்லாந்தில் பெட்டைச் செம்மான் வேட்டைக்கு நண்பர்களோடு போகிறேன். மெழுகு பூசிய பருத்தி ஜக்கெற் ஒன்று ஆசையாக இருக்கிறது. தாங்குமா?
— ஒரு வாசகர், லண்டன்

தாங்கும், உங்கள் பேரனுக்கும் தாங்கும். நனையாமல் காக்குமா என்பது வேறு கேள்வி. பார்பர் கம்பனி 1894இல் சவுத் ஷீல்ட்ஸ் துறைமுகத்தில் மாலுமிகளுக்கும் மீனவர்களுக்கும் விற்கத் தொடங்கிய சாமான் அது. அதற்கும் முன்பே, 1877இல், இங்கே மொஸ் நகரில் ஹெலி யூல் ஹன்சன் என்ற கப்பல் தலைவரும் மனைவியும் லினன் துணியை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து விற்றார்கள். எல்லாம் ஒரே யோசனைதான். முள்ளில் கிழியாது, கிழிந்தால் தைக்கலாம், நெருப்புப் பொறி பட்டால் உருகாது, சத்தமும் குறைவு. ஆனால் பாரம், தையல் வழியாகக் கசியும், வருடத்துக்கு ஒருமுறை மெழுகு தேய்க்க வேண்டும், காருக்குள் ஒரு நெடி. ஸ்கொட்லாந்தில் பெட்டை மான் காலம் ஒக்ரோபர் 21 முதல் பெப்ரவரி 15 வரை. அந்த மாதங்களில் ஈரமான சேற்றுப்புல்லில் வயிற்றால் ஊர்ந்துதான் மானைக் கிட்டுவீர்கள். அதற்கு மெழுகுத் துணி எனக்குச் சரிவராது. அங்கத்தைய ஆட்கள் இன்றும் தடித்த ட்வீட் கம்பளி போடுவது பழமைக்காக மட்டுமல்ல, அது நனைந்தாலும் சூடு தரும், ஒரு சத்தமும் இல்லை. ட்வீட்டைப் போட்டு, சவ்வு ஜக்கெற் ஒன்றைப் பையில் கொண்டுபோங்கள். மெழுகு ஜக்கெற்றை ஆசைக்கு வாங்கி லண்டனில் போடுங்கள், அழகாகத்தான் இருக்கும்.

குழுவில் செம்மஞ்சள் தொப்பி போடச் சொல்கிறார்கள். மான் கண்டுவிடாதா?
— ஒரு வாசகர், ஸ்தவாங்கர்

காணாது. மானின் கண்ணில் நிறம் பிரிக்கும் கூறு இரண்டு வகைதான், நமக்கு மூன்று. சிவப்பும் செம்மஞ்சளும் அதற்கு மங்கலான மண்நிறம். நீலத்தையும் அதற்கு அப்பாலுள்ள புறஊதாவையும்தான் அது நன்றாகக் காணும். நீல ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகிறவர்தான் பயப்பட வேண்டும். வெண்மைக்கு வெண்மை என்று விற்கும் சவர்க்காரமும் வேண்டாம், அதிலிருக்கும் பொருள் புறஊதாவில் நீலமாக மினுங்கும். மற்றபடி மான் உங்களைக் கண்டுபிடிப்பது மூக்கால். காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். தொப்பி உங்களை மானுக்குக் காட்டுவதற்கல்ல, துவக்கோடு நிற்கும் மற்ற ஆறு பேருக்குக் காட்டுவதற்கு.

எனக்குச் சின்னதாகிப் போன நல்ல ஜக்கெற் ஒன்று இருக்கிறது. மாரிமழைக்கு உதவும் என்று யாழ்ப்பாணத்தில் அப்பாவுக்கு அனுப்பலாமா?
— ஒரு வாசகி, துறொன்ட்ஹைம்

அப்பாவைப் புட்டு அவிக்க வேண்டாம் பிள்ளை. உள்ளே சூடும் ஈரமும் கூட, வெளியே குளிரும் வறட்சியும் கூட என்றால்தான் ஆவி சவ்வைத் தாண்டி வெளியே போகும். கார்த்திகை மாத யாழ்ப்பாணத்தில் வெளியே இருபத்தாறு பாகை, காற்றே ஈரத்துணி. ஆவிக்கு வெளியேற ஒரு காரணமும் இல்லை. நல்ல குடை ஒன்று அனுப்புங்கள். ஜக்கெற்றை உங்கள் ஊர்ப் பாவித்த சாமான் கடைக்குக் கொடுங்கள், புதிதாக வேட்டைக்கு வருகிற பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று சந்தோசமாக வாங்கும்.

சைவக் குடும்பத்தில் பிறந்துவிட்டு, ஒரு உயிரைக் கொல்ல எந்த உடுப்புப் போடுவது என்று எழுதுகிறீர்களே, கூச்சமில்லையா?
— ஒரு வாசகர், ஒஸ்லோ

இருந்தது ஐயா. முதல் மானைச் சுட்ட இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லவும் இல்லை. கண்ணப்ப நாயனார் வேடர்தானே என்று சொல்லித் தப்பலாம், ஆனால் அவருடைய அன்பு எனக்கு இல்லை, அதனால் அந்த வழியால் வரவில்லை. இந்த நாட்டில் அண்மை வருடங்களில் ஆண்டுக்கு 40,000க்கு மேற்பட்ட செம்மான்கள் சுடப்படுகின்றன. ஓநாயும் கரடியும் மிகக் குறைந்துபோன இடத்தில் மான் பெருகினால் இளமரம் மிஞ்சாது, தெருவில் காரோடு மோதும். இதெல்லாம் கணக்கு. கடையில் பிளாஸ்ரிக்கில் சுற்றிய ஆட்டிறைச்சி வாங்கிய காலத்தில் அந்த ஆட்டைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை, இப்போது யோசிக்கிறேன். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் நீங்கள் என்றால் உங்களோடு வாதாட என்னிடம் ஒன்றுமில்லை. இறைச்சி சாப்பிடுகிறவர் என்றால் ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள், மிளகு கூடப் போட்ட மான் பிரட்டலும் பாணும் இருக்கும்.

உடுப்பைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்றால், 2003இல் அந்தப் பெட்டை மான் என் முன் நின்றபோது எனக்குக் கை நடுங்கியது. அன்று அவசரப்பட்டுச் சுட்டிருந்தால் அது காலோ குடலோ போய் இரவு முழுவதும் காட்டில் கிடந்திருக்கும்.

புதிய ஜக்கெற்றின் கையில் இரத்தம். வீட்டுக்காரி சுடுதண்ணியில் போடச் சொல்கிறா.
— ஒரு வாசகர், மொல்த

வேண்டாம், சூடு பட்டால் இரத்தம் அவிந்து துணியில் பிடித்துவிடும். பச்சைத் தண்ணீர், அதுவும் காயமுன். எங்கள் குழுவில் மானைத் துப்புரவு செய்யமுன் ஜக்கெற்றைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டுதான் குனிவோம். மழையென்றாலும் அப்படித்தான், அந்த நேரம் மானின் வயிற்றுச் சூடே கைக்குப் போதும்.